ஐந்து படி வார்த்தை

இங்கிலீஷ் சொற்களை அசை அசையாகப் பிரிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கரும்பலகையில் எழுதி எழுதி, ஜோசப்பின் டீச்சருக்குச் சாக்பீஸ் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் நாலாம் வகுப்பு மொத்தத்தையும் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நாயுடுபுரத்து மேட்டில் இருந்த அந்தப் பள்ளிக்கு இருபத்திரண்டு படி. சொல்லுக்கு எத்தனை அசையோ அத்தனை படி ஏறலாம். குரங்குக் குட்டிகளுக்கு ஏறச் சொல்லித்தரவா வேண்டும்! "ஸ்கூல்" என்றால் சூசைமுத்து "இஸ்-கூ-லு" என்று மூன்று படி தாவி நிற்பான்.

"ஏலே, ஒண்ணுதாண்டா. எறங்கு கீழே" என்பாள் டீச்சர்.

கீழ்ப்படியில் உட்கார்ந்து சொல் எடுத்துக்கொடுப்பது அமிர்தவல்லியின் வேலை. போலியோ வந்த இடது காலில் இரும்புப் பட்டை போட்ட பூட்ஸ். உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிவிடுவாள், ஏறத்தான் முடியாது. அவள் அப்பா வீரையா, இலங்கையில் கண்டித் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து நாலு வருஷமாகிறது. தினம் காலையில் மகளைத் தோளில் சுமந்து வந்து வகுப்பில் விட்டுவிட்டுத்தான் கூலி வேலைக்குப் போவார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் டீச்சரைத் தேடி வந்தார்.

"திங்கக்கெழமையில இருந்து பூம்பாறைப் பக்கம் சோலிங்க டீச்சரம்மா. பள்ளிக்கூடம் தெறக்கறதுக்கு முன்னால, எட்டு மணிக்கே லாரி வந்துரும். புள்ளைய நிப்பாட்டிர்றேனுங்க."

"மத்த பிள்ளைங்க தூக்கட்டுமே."

"அவ யாரையும் தொட விடமாட்டாளுங்க. தானே ஏறுவேங்கிறா. சரி, திங்கக்கெழமை பேர் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள ஏறிட்டான்னா படிக்கட்டும். இல்லாட்டி வீட்டுல தம்பியப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்."

வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளை அவள்.

அன்றைக்குக் கடைசிப் பீரியடில், படிக்கட்டடியில் அமிர்தவல்லி எழுந்து நின்றாள். "எனக்கும் ஒரு வார்த்தை குடுங்க டீச்சர்."

ஜோசப்பின் இரக்கப்பட்டு, "கேட்" என்றாள். ஒரே அசை, ஒரே படி.

அமிர்தவல்லி அசையவில்லை. "என்ன டீச்சர், பச்சப்புள்ளைக்குக் குடுக்கிற மாதிரி! பெருசாக் குடுங்க."

டீச்சருக்கு முகம் சிவந்துபோனது. பாவம் பார்ப்பதும் ஒருவகையில் அவமானம்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அப்சர்வேட்டரி."

பக்கச்சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்-சர்-வேட்-ட-ரி" என்று அசைக்கு ஒரு படியாகக் காலை இழுத்து ஏறினாள். ஐந்தாம் படியில் நின்றபோது, அந்தக் குளிரிலும் அவளுக்கு வியர்த்து ஊற்றியது.

திங்கட்கிழமை மணி அடித்தாயிற்று. பேர் கூப்பிட்டு முடித்தபிறகு வந்தால் ஆப்சென்ட் என்பது ஹெட்மாஸ்டர் அடைக்கலராஜின் சட்டம். ஜன்னல் வழியே பார்த்தால், அமிர்தவல்லி இன்னும் நாலாம் படியில்தான் இருந்தாள். பதிவேட்டில் முதல் பேரே அவளுடையது. ஜோசப்பின் அதைத் தாண்டி அடுத்த பேருக்குப் போனாள்.

"ஆ... ரோக்... கி... ய... தாஸ்."

பிள்ளைகள் முழித்தார்கள். சூசைமுத்து ஜன்னலை எட்டிப் பார்த்தான். அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அசைக்கு ஒரு தட்டாகக் கை தட்ட ஆரம்பித்தான், வகுப்பே சேர்ந்துகொண்டது. அவன் முறை வந்ததும் "பி-ர-சன்-டு டீச்-ச-ரு" என்று ஏழாக இழுத்தான். அன்றைக்கு மட்டும் டீச்சர் திருத்தவில்லை.

வாசலில் ஹெட்மாஸ்டர். "என்ன டீச்சர், பேர் கூப்பிடுறீங்களா, பூசை வைக்கிறீங்களா?"

"அசை பிரிக்கச் சொல்லிக்குடுக்கிறேன் சார்."

அவரும் ஜன்னல் பக்கம் திரும்பினார். படியில் ஏறிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். "நடத்துங்க, நல்லா நிதானமா நடத்துங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

முப்பத்துநாலு பேர் முடிந்தது. வாசலில் இரும்புப் பட்டை கிறீச்சிட்டது.

"அ-மிர்-த-வல்-லி."

ஐந்து தட்டு.

"பிரசன்ட் டீச்சர்!" மூச்சு வாங்க ஒரே வீச்சில் சொன்னாள்.

ஜோசப்பின் பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டாள். கண்ணைத் துடைக்க ஜன்னல் பக்கம் திரும்பினால், கீழே தைல மரத்துக்குப் பின்னால் தூக்குச்சட்டியோடு வீரையா நின்றுகொண்டிருந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டு மணி லாரி போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.