ஒரு ஸ்டேஷன் பின்னால்

“அண்ணா, ரெண்டுலேருந்துதானே ஆரம்பிக்குது? ஒண்ணாம் பிளாட்பாரம் எங்க?”

அரைக்கால்சட்டை வயதில் தம்பி கேட்ட கேள்வி அது. “பசிச்சுது, தின்னுட்டேன்,” என்றான் அண்ணன். பழைய நூற்பாலைக்குச் சரக்கு வண்டி வந்து நின்ற மேடை அது. ஆலை மூடியதும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மேடை சைக்கிள் நிறுத்துமிடம் ஆயிற்று. மிச்சமிருந்த இரண்டுக்கும் மூன்றுக்கும் எண்ணை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

மேம்பாலப் படிகளில் ஓடும்போது, எத்தனையோ வருஷம் மறந்திருந்த அந்தக் கேள்விதான் தம்பியின் தலைக்குள் சுற்றியது. “உங்க அண்ணன் மயங்கி விழுந்துட்டார், உடனே வாங்க” என்று மட்டும்தான் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்லியிருந்தார். கால்கள் தாமாகவே இரண்டாம் பிளாட்பாரத்துக்கு இறங்கும் படிப்பக்கம் திரும்பின. நகரத்துக்குப் போகும் வண்டி அங்கேதான் நிற்கும். வேலைக்குப் போகும் ஊரே அங்கே நெருக்கியடித்து நின்றது.

“சார், இந்தப் பக்கம்!” ரயில்வே போலீஸ்காரர் எதிர்ப்புறத்திலிருந்து கை காட்டினார். “மூணுல.”

மூன்றாம் பிளாட்பாரத்தில் காலையில் ஈ காக்கை இருக்காது. அங்கிருந்து கிளம்பும் வண்டிக்கு இன்னும் ஒரே ஒரு ஸ்டேஷன்தான் பாக்கி. அதற்கப்பால் பணிமனையும் புதர்க்காடும்.

அண்ணன் பெஞ்சில் படுத்திருந்தான். இல்லை, படுக்க வைத்திருந்தார்கள். அவனுடைய தோள்பையையே யாரோ தலைக்கு வைத்திருந்தார்கள். ஒரு செருப்பு காலில் இருந்தது, மற்றது பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. தம்பி முதலில் குனிந்து அந்தச் செருப்பை எடுத்து மாட்டிவிட்டான். கால் சில்லென்றிருந்தது.

“உட்கார்ந்தபடியே போய்ட்டார் சார். டாக்டர் வந்து பார்த்துட்டார்.”

அண்ணனின் சட்டைப்பையில் போன் அடித்தது. தம்பி எடுத்தான்.

“அண்ணே, எங்க இருக்கீங்க? கிடங்குச் சாவி உங்ககிட்ட இருக்கு. அத்தனை பேரும் வாசல்ல காவல் காக்கிறோம். இன்னைக்குக் கூலி நீங்கதான் தரணும், ஆமா!” பின்னால் சிரிப்புச் சத்தம்.

“வந்துட்டிருக்கார்,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

போலீஸ்காரர் அவனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “அந்தப் பக்கம் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமா,” என்றான் தம்பி. யாரும் இல்லை.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அண்ணி அழவில்லை. காலையில் அண்ணன் குடித்துவிட்டு வைத்த டம்ளரை யாரோ கழுவ எடுத்தபோது, “வைங்க அதை” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. தம்பி பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்தாள்.

“தம்பி, எந்த பிளாட்பாரம்?”

“ரெண்டு, அண்ணி.”

“மாமா மூணுங்கறாரே.”

அவன் குனிந்து பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

அண்ணியின் மாமாவுக்கு மெதுவாகப் பேச வராது. வாசலில் நின்று அவர் பேசியது கூடம் வரைக்கும் கேட்டது. “வேலை கிழக்கே, ஆளு மேற்கே! தினமும் அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பிடுவாராம். கூட்டத்துக்குப் பயந்துதான்னு இவ நம்பிட்டிருக்கா. நான் எதுவும் சொல்லலப்பா. கேட்கத்தானே செய்றேன்?”

தம்பிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. மேம்பாலத்தில் போலீஸ்காரர் கை காட்டிய நொடியிலிருந்து அதே கேள்வி அவனுக்குள்ளும் கிடந்தது. அண்ணனின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த உடம்பு, முழங்காலில் பட்டை, தாங்கித் தாங்கி நடை. படியேறாமல் நின்றாள்.

“ரயில்ல வர்ற சார் வீடு இதுதானுங்களா?”

வாசலில் பேச்சு நின்றது. இவள்தானா, என்று நினைத்தான் தம்பி.

“நீ யாரும்மா?” என்றார் மாமா.

“சலவைக்கூடத்துல இஸ்திரி போடுறேங்க. சார் பேருகூட எனக்குத் தெரியாது. இப்ப வண்டிய விட்டு இறங்கினப்பத்தான் டிக்கெட் கவுண்டர்ல சொன்னாங்க.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “இங்க ஏறினா உக்கார இடம் கிடைக்காதுங்க. ஒரு நாள் நிக்க முடியாம கதவோரமே சரிஞ்சுட்டேன். மறுநாள்லேருந்து சார் ஒரு ஸ்டேஷன் பின்னாடி போய், கடைசி ஸ்டேஷன்ல காலி வண்டியில இடம் பிடிச்சு உக்காந்து வருவார். இங்க வந்ததும் எந்திரிச்சு எனக்குக் குடுத்துட்டு, வேலைக்குப் போற வரைக்கும் நின்னுக்கிட்டே வருவார். வேணாம் சார்னா, ‘நான் சீட்டுல தூசி தட்டத்தாம்மா போறேன்’ம்பார். இன்னைக்கு வண்டி வந்துச்சு, அவர் இல்ல. லீவுன்னு நெனச்சேன். எதிர் பிளாட்பாரத்துல நாலு பேர் குனிஞ்சு நின்னாங்க. நான் என்னன்னுகூடப் பார்க்காம ஏறிட்டேனே...”

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணி எப்போது எழுந்து வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள்.

“கால் வலியோட ஏன் நிக்கறீங்க? உக்காருங்க.”

அந்தப் பெண் உட்கார்ந்த பிறகுதான் அண்ணிக்கு அழுகை வந்தது.

தம்பி குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக் குழாயைத் திறந்துவிட்டான். ஆண்டவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று ஒரு மனிதன் நின்றுகொண்டே பயணம் போயிருக்கிறான். அவனைப் போய் ஒரு பகல் முழுக்கச் சந்தேகப்பட்டாயிற்று. மன்னிப்புக் கேட்க அண்ணன் இல்லை.

அடக்கம் முடிந்து சில நாட்கள் போயின. தம்பியின் மின்விசிறி ரிப்பேர்க் கடையைத் தாமதமாகத் திறந்தால் போதும். ஒரு காலையில் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, மூன்றாம் பிளாட்பாரத்தில் தனியாக நின்று வண்டி ஏறினான். கடைசி ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கிய பெட்டியில், ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

வண்டி திரும்பி வந்தது. இரண்டாம் பிளாட்பாரத்தில் கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஜன்னல் கம்பிகளின் வழியே அவளைத் தேடிக் கண்டுகொண்டான். எல்லோருக்கும் கடைசியாக, கைப்பிடியைப் பற்றி இழுத்து இழுத்து ஏறினாள். எட்டும் தூரத்துக்கு வந்ததும் எழுந்தான். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, தோள்களுக்கிடையே நுழைந்து, அடுத்த கதவருகே போய் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

முதுகுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து நீண்ட மூச்சு விடுவது கேட்டது. அவன் திரும்பவில்லை. வண்டி கிளம்பியது.