நிறம் விலகிய பிள்ளை

அப்பியா என்ற தீவு நகரத்தில் அச்சகம் வைத்திருந்த லெவியின் எட்டு வயது மகள் தெரீசா, அக்டோபர் மாதத்து ஒரு வியாழக்கிழமையன்று படுக்கையிலிருந்து நான்கு பேராக எழுந்தாள். வான நீலத் தெரீசா இடப்பக்கம் விலகியிருந்தாள், ரோஜாச் சிவப்பு வலப்பக்கம், மஞ்சள் கொஞ்சம் மேலே. கறுப்பு பின்னால் நின்றது. நால்வரும் ஒரே குரலில் பசிக்கிறது என்றார்கள். காரணம் லெவிக்குத் தெரியும். பிள்ளைகள் வெள்ளை உடுத்தித் தேவாலயத்தில் வசனம் சொல்லும் வெள்ளை ஞாயிறுக்கான பாட்டுப் புத்தகத்துக்கு மகளின் படத்தை அட்டையாகப் போட்டிருந்தார். முந்தைய நாள் அச்சேற்றும்போது நிறத்துக்கு ஒன்றான நான்கு அச்சுத் தகடுகளின் மூலைக் குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. அதைப் பார்த்தும், "யாரு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறா?" என்று நானூறு பிரதிகளையும் ஓட்டிவிட்டார்.

காலையில் ஒரு விரல் அகலமிருந்த இடைவெளி சாயங்காலம் ஒரு சாணாயிற்று. இப்படியே போனால் ஞாயிறன்று பிள்ளை நாலு தெருவில் கிடப்பாள் என்று லெவி கணக்குப் போட்டார். அவர் மனைவி மெலே அழவில்லை, வாசற்கதவை மட்டும் பூட்டினாள். அவள் தம்பி பெனி, பேருந்துகளுக்குப் பெயின்ட் அடிப்பவன், டப்பாக்களோடு வந்தான்.

"பயப்படாதீங்க மச்சான். செவப்பு, மஞ்சள், நீலம் மூணும் இருந்தா நான் எந்த இடுக்கையும் அடைச்சிருவேன்."

மூன்றையும் குழைத்து இடைவெளியில் பூசினான். பிள்ளை சேற்று நிறமானாள்.

"கிழிச்ச! கழுவுடா முதல்ல," என்றாள் மெலே.

வெள்ளிக்கிழமை லெவி, பாடகர் குழு மேடையிலிருந்து சிவப்பு, பச்சை, நீல விளக்குகளைக் கொண்டுவந்து மூன்றையும் மகள்மேல் ஒருசேரப் பாய்ச்சினார். ஒளிகள் கூடின இடம் வெளுத்தது. அந்த வெண்மையில் தெரீசா கரைந்துபோனாள்.

"அப்பா, என் கை எங்கப்பா?" என்று குரல் மட்டும் வந்தது. லெவி அலறிக்கொண்டு விளக்குகளை அணைத்தார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒளியைச் சேர்த்தால் வெளுக்கிறது, பெயின்டைச் சேர்த்தால் சேறாகிறது. இவளோ மையில் பிரிந்தவள். மைக்கு வெள்ளை கிடையாது, அடியில் இருக்கும் காகிதம்தான் அதற்கு வெள்ளை. சனிக்கிழமை, வெள்ளை ஞாயிறுக்குத் தைத்த வெள்ளை உடுப்பை காகிதம்போல் நால்வருக்கும் பொதுவாகப் போர்த்தி, அச்சு எந்திரத்தருகே நிறுத்தினார். மஞ்சள் தகட்டின் குறியைச் சரிசெய்ததும் மஞ்சள் உடுப்புக்குள் போனது. சிவப்பு போனது. நீலமும் போனது. கறுப்புத் தகட்டில் கை வைத்தபோது பயத்தில் விரல் நடுங்கியது, குறி மயிரிழை விலகிவிட்டது. கறுப்பு மட்டும் உடுப்புக்குள் போகாமல் அவள் பின்னாலேயே நின்றுவிட்டது. மறுபடி தொட அவருக்குத் தைரியம் வரவில்லை. இனி பிசகினால் கிடைத்ததும் போய்விடும்.

மறுநாள் தேவாலயத்தில் தெரீசா பிசகில்லாமல் வசனம் சொன்னாள். கறுப்பு அரை வார்த்தை பிந்திச் சொன்னது. வீட்டில் அந்த நாளின் வழக்கப்படி பிள்ளைகளுக்கே முதல் பந்தி. மெலே தாரோக் கிழங்கும் பன்றிக்கறியும் பரிமாறினாள்.

"அவளுக்கும் வைம்மா, பின்னாடிதான் வர்றா," என்றாள் தெரீசா.

மெலே இன்னொரு தட்டு வைத்தாள். தெரீசாவுக்கு இப்போது இருபத்தாறு வயது. லெவி இன்றும் முதல் பிரதியைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் எந்திரத்தை ஓட்டுவதில்லை. மகள் வீட்டுக்குள் நுழைந்த பிறகும், கறுப்பு வந்துசேரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.