அட்டையில் பழகிய விரல்கள்

இருபது உறைகளையும் தைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தாள். பள்ளிக்கு எதிர்த் தெருவில் எனக்குத் தையல்கடை. அவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் வரை அந்தப் பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாது. கரும்பலகையில் படம் வரைந்துதான் பாடம் நடத்தினாள். கணக்கு வாத்தியார் அவளைக் கண்டால், "வாங்க, மாடில்லாத பால்காரம்மா" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே, "உங்க வீட்டுக்கு மட்டும் தண்ணிப் பால் சார்" என்பாள்.

ஐந்தாவது வருடம் ஒரு லாரியில் இருபது பெட்டிகள் வந்தன. அவளுடைய இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து மாடிக்குப் பெட்டி சுமந்தாள். வீட்டுக்கு வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவள், "மாடு வந்துடுச்சுங்க" என்றாள்.

மறுநாளே தலைமையாசிரியர் என் கடைக்கு வந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பூட்டு'. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவர், காணாமல் போன ஒரு மைக்ராஸ்கோப்புக்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஓய்வுபெற்றவர். அந்தப் பயம் இவருக்கு வந்துவிட்டது. தடித்த துணியில், சுற்றிலும் ஜிப் வைத்து, தூசி போகாதபடி உறை வேண்டும் என்றார். நான் மாடி ஏறி ஒவ்வொரு கம்ப்யூட்டராக அளவெடுத்தேன். ஓரத்துக்கு நாடா கொடுத்து, இரட்டைத் தையல் போட்டேன். என் கையால் தைத்தவற்றில் அவ்வளவு சுத்தமான வேலை வேறொன்று இல்லை.

அவற்றைப் பார்த்துவிட்டு என் மனைவி, "ஏங்க இவ்வளவு நல்லாத் தைச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். அப்போது எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

மேலிடத்திலிருந்து தணிக்கைக்கு வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை உறையைத் திறக்கக் கூடாது என்றார் பூட்டு. தணிக்கை அடுத்த மாதம் என்றார்கள். பிறகு அதற்கடுத்த மாதம் என்றார்கள். அவள் வாரத்துக்கு ஒருமுறை அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் திறங்க சார். நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"குரங்கு கையில பூமாலையைக் கொடுக்கச் சொல்றீங்களா டீச்சர்? ஒரு பொத்தான் உடைஞ்சாலும் என் கையெழுத்துதான் அதுல இருக்கு."

"எங்க பிள்ளைங்க குரங்கா சார்?"

"சேச்சே, பழமொழி சொன்னேம்மா."

மழைக்காலம் முடிந்தபோது ஒரு கடிதம் வந்தது. பெருநகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று, சிற்றூர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்குமிடத்தோடு இடம் ஒதுக்கியிருந்தது. அதற்கான தேர்வு அந்தந்தப் பள்ளியின் கம்ப்யூட்டரிலேயே நடக்கும். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் தட்டச்சு செய்ய வேண்டும், பிறகு சில கேள்விகள். நாள் குறித்து, நான்கு மாத அவகாசம் கொடுத்திருந்தார்கள். அவள் கடைசி வகுப்பிலிருந்து இருபது பேரைத் தேர்ந்தெடுத்தாள்.

கடிதத்தைக் காட்டிய பிறகும் பூட்டு அசையவில்லை. "தேர்வு அன்னிக்கு அதிகாரி வருவார், அவர் முன்னாடி திறப்போம்" என்றார்.

அன்று மாலை அவள் கடைக்கு வந்து, துணிச்சுருளின் உள்ளே வரும் அட்டைகளைக் கேட்டாள். இருபது அட்டைகளை ஒரே அளவில் வெட்டிக் கொடுத்தேன். அவள் கட்டம் போட்டு எழுத்து எழுதினாள். நான் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்தேன். நான்கு நாளில் இருபது அட்டை விசைப்பலகைகள் தயாராயின. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா டீச்சர்?" என்றார் கணக்கு வாத்தியார். "பசிக்கிறவனுக்கு ஏட்டுச் சுரைக்காயும் சுரைக்காய்தான் சார்" என்றாள்.

கடையிலிருந்து பார்த்தால் கீழ் வகுப்பறையின் ஜன்னல் தெரியும். அவள் ஓர் எழுத்தைச் சொல்வாள். இருபது விரல்கள் அட்டையில் இறங்கும். அட்டையில் தட்டினால் எதுவும் தெரியாதே, சரியா தவறா என்று அவள் வந்து பார்த்தால்தான் உண்டு. அதனால் ஒரு பழக்கம் ஏற்படுத்தினாள். "விரலை எடுக்காதே. நான் வந்து பார்க்கிற வரைக்கும் எடுக்காதே" என்று சொல்லிக்கொண்டே வரிசை வரிசையாக நடப்பாள். பார்த்து முடித்து மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த எழுத்து. நான்கு மாதம் அப்படித்தான். எனக்குத் தையல் மெஷின் சத்தத்தைவிட அந்தத் தட்டுதான் பழகிப்போயிருந்தது.

இருபது பேரில் செருப்புக் கடைக்காரரின் மகள் ஒருத்தி. படபடவென்று பேசுவதால் அவளுக்குத் 'தந்தி' என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு அட்டையில் எந்த எழுத்தையும் தொட்டுவிடுவாள். "யாருக்குக் கிடைக்காட்டியும் தந்திக்கு இடம் கிடைச்சிடும்" என்று என் மனைவி தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

தேர்வு நாளன்று காலை, பள்ளிக் காவலாளி என்னைத் தேடி ஓடி வந்தார். "டெய்லரே, ஜிப்பு ஒண்ணும் நகர மாட்டேங்குது. அதிகாரி கத்துறாரு." ஒன்பது மாதமாகத் திறக்காததில் ஜிப்புகள் இறுகியிருந்தன. மெழுகுத் துண்டும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு போனேன். மெழுகு தேய்த்துத் தேய்த்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஏழெட்டு உறைகளை வெட்டவே வேண்டியிருந்தது. பூட்டின் முகம் வெளுத்துவிட்டது. திரும்ப மூடவும் ஆள் வேண்டுமென்று அதிகாரி என்னைக் கதவோரம் உட்காரச் சொன்னார். சொந்தப் பள்ளி ஆசிரியர் உள்ளே இருக்கக் கூடாதென்று என் மனைவியை வெளியே அனுப்பினார். அவள் வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மணி அடித்தது. தந்தி முதல் எழுத்தில் விரலை வைத்தாள். அழுத்தினாள். எடுக்கவில்லை.

திரையில் அந்த ஓர் எழுத்தே வரிசையாக ஓடியது. ஒரு வரி, இரண்டு வரி. அவள் விழித்தாள். அடுத்த எழுத்தை அழுத்தினாள். அதுவும் ஓடியது. பக்கத்தில் இருந்தவர்களின் திரையிலும் அதேதான், எறும்பு வரிசைபோல. அதிகாரி, "தப்பா வந்தா அழிக்கிற பொத்தானை அழுத்துங்க" என்றார். அழுத்தினார்கள். அதிலிருந்தும் விரலை எடுக்கவில்லை. வந்ததெல்லாம் துடைத்துக்கொண்டு போனது, சரியாக வந்திருந்த இரண்டொரு சொல்லும் சேர்த்து. இருபது பிள்ளைகளும் அழுத்தினார்கள், அழித்தார்கள், அழுத்தினார்கள். மேசையில் தட்ட ஆள் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சிலர் கண்டுபிடித்துக்கொண்டார்கள், விரலைச் சட்டென்று எடுக்க வேண்டும் என்று. நான்கு மாதப் பழக்கம் அரை மணியில் போகுமா? நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் கம்பிமேல் ஆள்காட்டி விரலை மட்டும் வைத்து, எடுத்து, வைத்து, எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாதென்று சொல்லி அனுப்பியதும் அவள்தான்.

வெளியே வந்த தந்தி அழவில்லை. நேராக அவளிடம் போனாள்.

"டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் டீச்சர். விரலை எடுக்கவே இல்ல."

என் மனைவி அவள் தலையில் கை வைத்தாள்.

எங்கள் பள்ளியில் ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. முடிவு வந்த நாளில் அவள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பூட்டுப் போட்டவரை விட்டுட்டு உன்னையே ஏன் நொந்துக்கிறே?" என்றேன்.

"அவர் எதுவும் சொல்லிக் கொடுக்கலீங்க. தப்பாச் சொல்லிக் கொடுத்தது நான்."

"தெரிஞ்சா செஞ்சே?"

"எனக்குத் தெரியும்ங்க. ஒரு பொத்தானை அழுத்திக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும். அட்டையிலேயே இருந்து இருந்து மறந்துட்டேன்."

அவள் முன்னால் இருந்த தட்டை எடுத்து மூடி வைத்தேன்.

பதினோரு வாரம் கழித்து அவள் போய்விட்டாள். வால்வுதான் காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நானும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

பூட்டு துக்கம் கேட்க வந்தார். அவளுடைய அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி, மெதுவாகக் கேட்டார். "தணிக்கை வருதாம். அன்னிக்கு வெட்டின உறைங்களை மட்டும்... உங்களால முடிஞ்சப்போ."

தைத்துக் கொடுத்தேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேறொருவன் தைத்திருப்பான், கோணலாக. அப்படி நினைத்தேனா, அல்லது எதுவுமே நினைக்கவில்லையா என்று இப்போது நினைவில்லை. மெஷின் ஓடியது, நான் மிதித்தேன்.

போன வாரம் அவளுடைய இறப்புச் சான்றிதழுக்கு நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மெஷின் அருகில் தந்தி நின்றிருந்தாள். படிப்பு முடிந்து அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறதாம். தாளை வாங்கினாள், பெயரைப் படித்தாள். கண்ணாடிமேல் தாளைக் கவிழ்த்து மூடி, பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"விரலை எடும்மா. எத்தனை தடவை சொல்றது? மெஷின் எங்கேயும் ஓடிப் போகாது" என்றார் கடைக்காரர்.

நகல் முழுவதும் வெளியே வந்து தட்டில் விழுந்தது. அவள் விரல் பொத்தானிலேயே இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் என் கை மேசைமேல்தான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம்.

தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.