பின்வரிசை இல்லாத ஆட்டம்

மட்டை பிடித்த கைக்கு எந்த மட்டையாக இருந்தால் என்ன சார் என்று மேனேஜரிடம் சொன்னது நான்தான். யாரும் என் வாயைப் பிடுங்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது அந்த ஒரு வாக்கியத்தில்.

என் பெயர் ஸ்டீபன்ராஜ். பூப்பந்து ஆட்டக்காரன். திண்டுக்கல்லில் வேடசந்தூர் ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு நூல் மில் என்னைப் பூப்பந்து ஆடுவதற்காகவே வேலைக்கு எடுத்திருந்தது. பேருக்கு டைம் ஆபீசில் ஒரு நாற்காலி. மதியச் சாப்பாடு முடிந்ததும் மைதானத்துக்குப் போய்விடலாம். மாநில அணிக்குத் தலைவனாக இருந்திருக்கிறேன், பேப்பரில் படம் வந்திருக்கிறது. கொடைரோட்டில் ரயில் ஏறப் போனால் பெட்டிக்கடைக்காரர் காசு வாங்காமல் சோடா உடைத்துக் கொடுப்பார். இதையெல்லாம் நான் வேண்டாம் என்று சொன்னதாக நினைவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

பூப்பந்து பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பந்து. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். நான் வலையை ஒட்டி முன்வரிசை. எனக்கு நேர் பின்னால் ஜெகபர் அலி. தோளுக்கு மேலே உயர்ந்து வருகிற பந்து அவனுடையது. அவன் "விடு" என்பான், நான் குனிவேன், என் தலைக்கு மேலே பந்து அவனிடம் போகும். குனிய மறந்தால் பந்தை மறைத்துவிடுவேன், அணிக்கே கேடு. அதனால் இந்த விளையாட்டில் முன்வரிசைக்காரன் அடிக்கப் பழகுவதற்கு முன்பே விடப் பழக வேண்டும். பத்துப் பதினோரு வருஷம் ஒன்றாக ஆடியதில் அவன் குரல்கூடத் தேவைப்படாமல் போனது. பந்து உயர்ந்தால் என் முதுகு தானாக வளைந்துவிடும். பின்னால் அவன் எடுத்துத் தருவான், முன்னால் நான் அடித்துப் பேர் வாங்குவேன்.

தொண்ணூற்றேழில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்தார். டிவியில் காட்டாத விளையாட்டுக்கு மில் எதற்குச் செலவு செய்ய வேண்டும், இனிமேல் ஷட்டில்தான் என்று முடிவெடுத்தார். பஞ்சு குடோன் ஒன்றில் பாதியைக் காலி செய்து, தரையில் கோடு போட்டு, மேலே லைட் மாட்டினார். எங்கள் ஐந்து பேரையும் அழைத்தார். மாற முடிந்தவர்கள் ஷட்டிலுக்கு மாறலாம், முடியாதவர்கள் ஷிப்டுக்குப் போய் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மிஷினில் அறுந்த நூலை ஒட்டலாம் என்றார். மரியாதையான மனிதர். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் எங்கள் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டார்.

ஜெகபர் அலி அந்த இடத்திலேயே, தனக்கு இது வராது, ஷிப்டுக்கே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டான். மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாநிலத்துக்கு ஆடினவன் பஞ்சுத் தூசியில் நின்று நூல் ஒட்டுவதா? அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். மேனேஜர் சிரித்து, மூன்று மாதம் பழகுங்கள், பிறகு ஹஸ்ஸானோடு ஒரு ஆட்டம் ஆடுங்கள், ஜெயித்தால் அணியில் இடம் என்றார்.

ஹஸ்ஸான் வேறு யாருமில்லை, ஜெகபரின் மச்சினன். கல்லூரிக்கு ஷட்டில் ஆடியவன் என்று மில் புதிதாக எடுத்திருந்தது.

வெளியே வந்ததும் ஜெகபரைப் பயந்தாங்கொள்ளி என்றேன். அவன் கோபப்படவில்லை.

"கை பழகிரும் ஸ்டீபா," என்றான். "முதுகு பழகணுமே."

எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் நிலையிலும் நான் இல்லை.

பழகினேன். ஷட்டில் மட்டை கையில் இருப்பதே தெரியாது. பூப்பந்துக்குத் தோளிலிருந்து வீச வேண்டும், இதற்கு மணிக்கட்டை வெட்டினால் போதும். ஆரம்பத்தில் நான் வீசிய வீச்சில் மட்டை என் முழங்காலையே பதம் பார்த்தது. கம்பளிப் பந்து வந்த வேகத்தில் வரும், இறகுப்பந்து வழியில் யோசித்து நின்று பொத்தென்று விழும். அதற்கு முன்பே நான் போய் நின்றுகொண்டிருப்பேன். இதெல்லாம் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. வலைக்குப் பக்கத்தில் ஹஸ்ஸானே என்னிடம் திணறினான். வீட்டில் என் மனைவி ரூபியிடம், ஜெயித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள் என்று சொன்னேன். அவள் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து டீச்சர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

ஆட்டத்தன்று குடோன் நிறைந்திருந்தது. முதல் நாலைந்து பாயின்ட் எனக்குத்தான். பிறகு ஹஸ்ஸான் ஒரு பந்தை என் தலைக்கு மேலே உயரத் தூக்கினான்.

நான் குனிந்தேன்.

பந்து எனக்குப் பின்னால் தரையில் விழுந்தது. குனிந்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிமிர்ந்து பின்னால் திரும்பி, ஏன் எடுக்கவில்லை என்பதுபோல் பார்த்தேன். அங்கே பஞ்சுப் பொதிகள் இருந்தன.

முதல் தடவை யாருக்கும் புரியவில்லை. மூன்றாவது தடவை எல்லாருக்கும் புரிந்துவிட்டது, ஹஸ்ஸானுக்கும் சேர்த்து. அவன் தூக்கிக்கொண்டே இருந்தான். அடி, அடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் நின்றேன். முதுகு கேட்கவில்லை. பழகும்போது வராத வியாதி, பாயின்ட் எண்ண ஆரம்பித்ததும் வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவன், அண்ணன் யாரைக் கும்பிடுகிறார் என்று கேட்டான். குடோனே சிரித்தது. முப்பத்திரண்டு வயது ஆம்பளை, அரைக்கால் டவுசரோடு, காது மடல் சுட நின்றேன்.

லைட் கண்ணில் அடித்தது என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் லைட்டை அண்ணாந்து பார்த்தார். அன்று ராத்திரி சாப்பாட்டில் ஒரு வெஞ்சனம் கூடுதலாக இருந்தது. நோயாளிக்கு வைப்பதுபோல் ரூபி வைத்தாள். அதை விழுங்குவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. மறுநாளிலிருந்து கேன்டீன் பக்கம் போகாமல், பின் கேட் வழியாக வந்து பின் கேட் வழியாகவே போனேன்.

பழைய பேருக்காக மேனேஜர் இன்னொரு ஆட்டம் கொடுத்தார். இதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்.

அந்த ஆட்டத்தில் ஹஸ்ஸான் வேறு ஆளாக இருந்தான். தூக்கினான், ஆனால் பந்து என் மட்டைக்கு எட்டுகிற உயரத்தில் வந்தது. ஒருதரம் குனிந்துவிட்டேன், அது கோட்டைத் தாண்டி விழுந்தது. எனக்குத் தைரியம் வந்தது. முதுகு நிமிர்ந்தது. பாயின்ட் ஏற ஏறக் கூட்டம் என் பக்கம் வந்துவிட்டது. ரூபி பெஞ்சிலிருந்து எழுந்து நின்று கை தட்டினாள். பக்கத்தில் ஜெகபரின் மனைவி ஷாஹினா உட்கார்ந்திருந்தாள். ஷிப்டு முடிந்து வந்த ஜெகபர் தலையில் பஞ்சு ஒட்டியிருக்க வாசலில் நின்றான். பார்த்தாயா என்று அவனைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஜெயிக்க இன்னும் ஒரே பாயின்ட். நான் அடித்தது சோப்ளாங்கி அடி. பந்து உயரமாக, மெதுவாக, ஹஸ்ஸானின் வலக்கைக்கு நேராகப் போனது. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் அவன் அதை அடித்துத் தரையில் இறக்கிவிடுவான். மட்டையைத் தூக்கினான். இறக்கினான். அவுட் என்று நினைத்தவன்போல் ஒதுங்கிக்கொண்டான். பந்து கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே விழுந்தது.

குடோன் ஆர்ப்பரித்தது. மேனேஜர் கை கொடுக்க எழுந்தார்.

வேறு எவனையும் ஏமாற்றியிருக்கலாம். நான் பந்தை விட்டே பிழைத்தவன். அவுட் என்று விடுகிறவன் கோட்டைப் பார்ப்பான். பின்னால் இருக்கிற ஆளை நம்பி விடுகிறவன் எதையும் பார்க்க மாட்டான். ஹஸ்ஸானோ வாசலைப் பார்த்தான். ஜெகபர் தலையைக் குனிந்துகொண்டான்.

வலைக்கு அடியில் புகுந்து அவனிடம் போனேன். யாருக்கும் கேட்காத குரலில்தான் கேட்டேன்.

"ஏலே, உன்னைய விடச் சொன்னது யாரு?"

"மச்சான் ரொம்பக் கேட்டுக்கிட்டாருண்ணே," என்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேனேஜரிடம், அந்த பாயின்ட் என்னுடையது இல்லை, அதை எடுத்துவிட்டு மேலே ஆடுகிறோம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனால் சரி என்றார். ஹஸ்ஸானிடம், நிசமாக ஆடு என்றேன். ஆடினான். எனக்கு வேண்டியிருந்தது ஒரு பாயின்ட்தான். அதைக்கூட அவன் என்னை எடுக்க விடவில்லை. வரிசையாக அவனே எடுத்து முடித்தான். அதுவரை, எடுத்த பாயின்ட்களில் பாதியாவது என் திறமை என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட என்னுடையது இல்லை என்று ஊர் பார்க்கத் தெரிந்துகொண்டேன்.

சைக்கிள் ஸ்டாண்டில் ஜெகபர் காத்திருந்தான். திட்ட வேண்டும் என்றுதான் போனேன்.

"நீ திரும்பித் திரும்பிப் பாத்தியேடா," என்றான். "என்னையத்தானே தேடுன. எப்பிடிச் சும்மா இருக்கச் சொல்ற?"

வண்டியை எடுத்தேன்.

ரூபி பின்னால் உட்கார்ந்திருந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் பக்கம் திரும்பாமலே கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"ஆட்டம் தொடங்கும்போதே ஷாஹினா சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா எந்திரிச்சு நின்னு கை தட்டுன?"

கூட்ஸின் கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

"பின்னால ஆளு இருக்குன்னு உங்களுக்குக் கேக்கணுமுல்ல," என்றாள்.

கேட் திறந்தது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். வண்டியைக் கிளப்பவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே சற்று நேரம் ஆனது.

திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனேன். ரிங் ஃப்ரேம் ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. புதிதாக வருகிறவர்கள் அந்தச் சத்தம் தாங்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, பின்னாலிருந்து யாராவது குரல் கொடுத்தால் கேட்க வேண்டுமே.