துவக்கில்தான் பிழை

கடதாசியில் விழுந்திருந்த துளைகளை எட்வேட் சுட்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்று மேலே, இரண்டு இடப்பக்கம், ஒன்று கறுப்பு வட்டத்துக்கு வெளியே கீழே. ஐந்தாவதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அது வட்டம் கிட்டம் எதையும் சட்டை செய்யாமல் கடதாசியின் ஓரத்தில் போய்க் குந்தியிருந்தது. ஐம்பது மீற்றர் தூரம். மேசையில் மணல் பை வைத்து, அதன் மேல் துவக்கைச் சாய்த்து, ஆறுதலாக மூச்சுவிட்டு இருந்து சுட்ட சூடு. இப்படிச் சுட்டால் நல்ல துவக்கின் ஐந்து துளைகளையும் ஒரு இரண்டு பென்ஸ் நாணயக் குற்றியால் மூடிவிடலாம். இதற்குத் தேத்தண்ணிக் கோப்பையையே கவிழ்த்தாலும் காணாது. எட்வேட்டுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷம்தான், பிழையாகச் சொல்லவில்லை. மூன்று கிழமைக்கு முன் வாங்கிய புதுச் சாமான். செமி ஒட்டோமற்றிக். விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு வெடி, வெறுங்கோது தானாகத் தெறித்து விழும், அடுத்த ரவை தானாக ஏறிக்கொள்ளும். இந்த நாட்டில் இப்படியொரு துவக்கைச் சின்ன ரவைக்கு மட்டும்தான் வைத்திருக்க விடுவார்கள். அதற்கும் பொலிஸ் வீட்டுக்கு வந்து, சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்து, டொக்டரிடம் கடிதம் வாங்கி, ஆயிரம் கேள்வி கேட்டுத்தான் தருவார்கள். அவ்வளவு பாடுபட்டு வாங்கியவர் அது பழுதாக இருக்க வேண்டும் என்று போன ஞாயிறு பூசை முடிய மெழுகுதிரி கொளுத்தி மன்றாடினார். மாதாவுக்கும் இப்படி ஒரு விண்ணப்பம் முதல் தடவையாக வந்திருக்கும்.

காரணம் இருந்தது. துவக்கில் பிழை இல்லையென்றால் பிழை அவருடைய கண்ணில். கண்ணில் பிழையென்றால் பஸ் இல்லை. இருபத்திரண்டு வருடமாக லண்டனின் கிழக்குப் பக்கத்தில் சிவப்பு பஸ் ஓட்டுகிற மனிதர். அறுபது வயதுக்கு இன்னும் ஏழு மாதம். அறுபதில் கட்டாய மெடிக்கல். வேறு வேலை தெரியாது. அதைவிட, வேறு ஆளாக இருக்கத் தெரியாது. டிப்போவில் 'எடி' என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. ஒரு நாளும் ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவன் என்று மனேஜரே நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறார்.

வருட ஆரம்பத்தில்தான் அவருடைய சூடுகள் ஓரிடத்தில் விழாமல் விரியத் தொடங்கின. அப்போது பழைய துவக்கைக் குற்றம் சொன்னார். குழல் தேய்ந்துவிட்டது என்று முழுத் துவக்குச்சூட்டுக் கிளப்புக்கும் கேட்கிறமாதிரிச் சொல்லி அரை விலைக்கு விற்றார். வாங்கிய கிழவர் அடுத்த மாதமே அதே துவக்கால் சுட்டுக் கிளப்பின் வெள்ளிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனார். எட்வேட்டும் கை தட்டினார், வேறென்ன செய்வது! பிறகு இந்தப் புதுசு. இதிலும் விரிந்தது. இந்த ரகத் துவக்குகளுக்கு ரவையில் வாய் ருசி உண்டு, ஒன்றுக்குப் பிடித்தது மற்றதுக்குப் பிடிக்காது என்று கிளப்பில் சொன்னார்கள். நாலு விதமான ரவை வாங்கிப் பார்த்தார். நாலிலும் அதே கூத்து. குறிபார்க்கும் தொலைநோக்கியின் நடுவில் எப்போதும் ஒரு சாம்பல் நிறப் புகைச்சல். கறுப்பு வட்டத்தை நேரே பார்த்தால் வட்டம் இல்லாமல் போகும், கொஞ்சம் விலத்திப் பார்த்தால் திரும்பி வரும். கண்ணாடியில் ஊத்தை என்று துடைத்தார். துடைத்துத் துடைத்து அந்தத் துணியே நைந்துபோயிற்று.

கடைக்காரனுக்குக் கடிதம் எழுத வேண்டும், பழுதான சாமானைத் தந்துவிட்டாய், திருப்பி எடு என்று. இங்கேதான் எட்வேட் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டார். இருபத்தேழு வருடம் இந்த நாட்டில் இருந்தும் கடிதமென்றால் அவருக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும். கவுன்சிலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, இன்சூரன்சுக்கு எல்லாம் மகள் பிறேமினி எழுதிக் கொடுப்பாள். துவக்கு விசயம் அவளிடம் போனால் தாயிடம் போய்விடும், தாய்க்கோ துவக்கென்றாலே ஆகாது. ஆகவே கிளப்பில் இருக்கிற ஒரே ஒரு தமிழ் ஆளான ராம்கியைப் பிடித்தார். கோயம்புத்தூர்க்காரர், நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும், இல்ஃபோர்டில் ஃப்ளாட், இன்ஜினியர். இங்கிலீசு தண்ணியாக ஓடும். ஆனால் இன்ஜினியரிடம் கடிதம் கேட்டால் அவர் கடிதத்தையா முதலில் எழுதுவார்?

"எழுதிடலாம்ணா. ஆனா நம்ம சுட்ட பேப்பர அனுப்பினா கடைக்காரன் என்ன சொல்லுவான்? உனக்குச் சுடத் தெரியலன்னுவான்," என்றார் ராம்கி. "மனுஷன் கையே படாம டெஸ்ட் பண்ணி அனுப்புவோம். அப்ப அவன் வாயத் திறக்க முடியாதில்ல?"

அது சரியான கதை. எட்வேட்டும் தலையாட்டிவிட்டார்.

இன்று காலை இல்ஃபோர்டுக்குப் போய் ராம்கியைக் காரில் ஏற்றியபோதுதான் அந்த இரும்பைக் கண்டார். ராம்கி தன் கையாலேயே செய்த பிடி. துவக்கை அதில் வைத்து நாலு பக்கமும் முறுக்கினால் இம்மியும் அசையாது. ஒரு ஆள் தனியே தூக்கினால் மூச்சு வாங்கும். ரொம்ஃபோர்ட்டுக்கு அங்கால், லண்டன் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருந்தது கிளப். வழி முழுக்க ராம்கி குழல், ரவை, காற்று என்று கதைத்துக்கொண்டே வந்தார். எட்வேட் ஓம், ஓம் என்றபடி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

இப்போது எட்வேட்டின் கடதாசியை வாங்கி ராம்கி ஃபோனில் படம் எடுத்தார். "எம்பது மில்லிமீட்டர். சரிதான், இது ரொம்ப மோசம்," என்றார்.

"நான் சொன்னன்தானே தம்பி," என்றார் எட்வேட். குரலில் ஒரு துள்ளல் இருந்தது, பாவம்.

ராம்கி துவக்கைப் பிடியில் வைத்து முறுக்கினார். புதுக் கடதாசி தொங்கவிட்டார்கள். ராம்கி விசையை மட்டும் ஒரு விரலால் தட்டுகிறமாதிரி இழுத்தார். ஐந்து வெடி. ஐந்து கோதும் சிமெந்துத் தரையில் கிலுங்கி உருண்டன. ரேஞ்ச் பொறுப்பாளர் கொடி காட்ட, இரண்டு பேரும் நடந்துபோனார்கள். அந்த ஐம்பது மீற்றரும் எட்வேட் செபமாலை சொல்லிக்கொண்டே போனார். விரியட்டும் மாதாவே, விரியட்டும்.

கடதாசியில் ஒரே ஒரு துளை இருந்தது. கிட்டப் போனபோது அது ஒன்றல்ல, ஒன்றை ஒன்று கடித்தபடி ஐந்து. சின்னிவிரலின் நகத்தால் மூடிவிடலாம். ராம்கி நின்ற இடத்தில் ஒரு சின்ன ஆட்டமே போட்டுவிட்டார்.

"அண்ணா! தங்கம்ணா இது! இந்த விலைக்கு இப்படி ஒரு ரைஃபிளா? யாருக்குக் கிடைக்கும்! கடிதமும் வேணாம் ஒண்ணும் வேணாம்!"

எட்வேட் சிரித்தார். சிரிக்கத்தானே வேண்டும், புதுச் சாமான் நல்லது என்றால். ஒருக்கால் இந்த ஐந்தும் தற்செயலாக விழுந்திருக்குமோ என்று கேட்டார். ராம்கி சலிக்காமல் இன்னும் இரண்டு தடவை சுட்டுக் காட்டினார். இரண்டும் அதே மாதிரி. மறுப்பதற்கு ஒரு நூல் இடம்கூட விடாத துவக்கு அது. அதன் மேல் அவருக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் சொல்ல!

"இப்ப நீங்க சுடுங்கண்ணா. ரைஃபிள் நல்லாருக்குன்னு தெரிஞ்சிட்டா மனசு நின்னுரும். கை தானா நிக்கும்."

பிடியிலிருந்து கழற்றி மணல் பைக்கு மாற்றினார்கள். எட்வேட் இருந்தார். இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பார்த்தார். புகைச்சல் வந்து வட்டத்தின் மேல் குந்திக்கொண்டது. அதன் ஓரத்தை வைத்து நடு எங்கே இருக்கும் என்று மனத்தால் ஊகித்து, ஊகித்து, ஐந்து முறை சுட்டார். போய்ப் பார்த்தால் அவருடைய கடதாசியில் நாலு துளைதான். ஐந்தாவது பக்கத்துக் கடதாசியில் இருந்தது. பக்கத்தில் சுட்ட வெள்ளைக்காரப் பெண் தன் துளைகளை இரண்டு தரம் எண்ணிவிட்டு, சிரித்து, பரவாயில்லை என்றாள்.

ராம்கி சிரிக்கவில்லை. ஃபோனை எடுக்கவும் இல்லை.

"கண்ணு எப்பண்ணா செக் பண்ணீங்க?"

"போன மாசம்தான். ஒரு பிரச்சினையும் இல்லையாம்." பொய். இரண்டு வருடமாகக் கண்ணாடிக் கடை வாசலையே அவர் மிதிக்கவில்லை.

"நீங்க... பஸ்ஸுதான ஓட்டறீங்க?"

"ஓம்."

ராம்கி துவக்கைத் துடைத்து, பூட்டி, உறைக்குள் வைக்க உதவி செய்தார். கார் தரிப்பிடத்துக்கு வந்ததும் எட்வேட் பின்கதவைத் திறந்தார், அந்த இரும்பை ஏற்ற. ராம்கி அதை உள்ளே வைக்காமல் நின்றார்.

"நீங்க கெளம்புங்கண்ணா. எனக்கு ரொம்ஃபோர்ட்ல ஒரு சின்ன வேலை இருக்கு. நான் பஸ் பிடிச்சுப் போயிக்கறேன்."

"உந்தப் பாரத்தோடையோ? அதையாவது வைச்சிட்டுப் போங்கோ, நான் வீட்டை கொண்டந்து தாறன்."

"பரவால்லண்ணா, பரவால்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு தடவ கண்ண டாக்டர்கிட்ட காட்டிருங்கண்ணா. ப்ளீஸ்," என்றார்.

அந்த நல்ல மனிதர் இரும்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பத்து அடிக்கு ஒரு தரம் இறக்கி வைத்து மூச்சு வாங்கி, பஸ் தரிப்பை நோக்கிப் போனார். ரொம்ஃபோர்ட்டில் ஒரு வேலையும் இல்லை என்பது எட்வேட்டுக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது பிடித்திருக்கலாம். கார்க் கண்ணாடிக்குள்ளால் அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரிய ரோட்டை விட்டு, சின்னத் தெருக்களால் மெல்ல மெல்ல மனோர் பார்க்கில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மனைவி மேரிறோஸ் குசினியில் நின்றபடியே கேட்டாள், "என்னவாம் உங்கடை துவக்கு?"

வாய் திறக்கும்வரை எட்வேட்டுக்கே தெரியாது தான் என்ன சொல்லப்போகிறார் என்று.

"துவக்கிலைதான் பிழை. திருப்பிக் குடுக்கப்போறன். இனி வேண்டாம்."

அவள் அகப்பையோடு திரும்பினாள். முகம் மலர்ந்துவிட்டது. "மாதாவே! நான் எத்தினை நாளா நேர்ந்துகொண்டு இருக்கிறன் தெரியுமே? துவக்குக்குப் பயந்து மன்னாரை விட்டு வள்ளம் ஏறின சனம் நாங்கள். இஞ்சை வந்து அதைக் காசு குடுத்து வாங்கி வீட்டுக்கை வைச்சுக்கொண்டு! இப்பவாவது உங்களுக்குப் புத்தி வந்துதே!"

அன்று அவள் பாட்டுக் கூட முணுமுணுத்தாள். மீன் பொரித்து, புட்டு அவித்து, அவர் போதும் போதும் என்று சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருந்து போட்டாள். இவளுக்கு இந்தச் சந்தோஷத்தைத் தவிர வேறென்ன கொடுத்தோம் என்று நினைத்தபோது எட்வேட்டுக்குப் புட்டு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தார். "இஞ்சை பாரும் மேரி" என்றும் தொடங்கினார். "என்ன, உப்புக் காணாதோ?" என்றாள். "இல்லை, நல்லாயிருக்கு," என்றார்.

சாப்பிட்ட கையைக் கழுவப்போன இடத்தில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சுவரின் வெள்ளை ஓடுகளுக்கு இடையில் ஓடும் சாம்பல் கோடுகளை வலக்கண்ணால் பார்த்தார். நடுவில் கோடுகள் நெளிந்து, உடைந்து, ஓரிடத்தில் இல்லாமலே போயின. அது தெரிந்த கதை. இடக்கண் இருக்கிறது, ரோட்டை இரண்டு கண்ணாலும்தானே பார்க்கிறேன், ஒன்று போனால் மற்றது பிடிக்கும் என்று இவ்வளவு நாளும் தனக்குத்தானே சொல்லிவந்தார். அந்த இடக்கண்ணை மட்டும் அவர் ஒருநாளும் சோதித்ததில்லை. இப்போது வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். கோடுகள் நேராகத்தான் இருந்தன. பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது வரிசையில், தான் பார்க்கிற இடத்தில் மட்டும், கோடு லேசாக ஆடியது. முகத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவிவிட்டுத் திரும்பவும் பார்த்தார். ஆடியது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஐந்து நிமிசம் அழுதார்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போனார். நாளைக்குச் சொல்லலாம், இந்தக் கிழமை முடியட்டும், அறுபது வரட்டும் என்று டிப்போ வரைக்கும் ஒவ்வொன்றாக நினைத்தார். கையெழுத்துப் போட்டு, பஸ்ஸைச் சுற்றி நடந்து பார்த்து, எப்போதும்போல நெற்றியில் சிலுவை போட்டு எடுத்தார். எட்டே கால் மணிக்கு ரொம்ஃபோர்ட் வீதியிலிருந்து திரும்பி ஒரு பள்ளிக்கூடத் தெருவுக்குள் நுழைந்தபோது பஸ் நிறையச் சனம். சீருடைப் பிள்ளைகள், தள்ளுவண்டிகள், வேலைக்குப் போகிற பெண்கள்.

முன்னால் சனம் தெருவைக் கடக்கிற வெள்ளைக் கோட்டுக் கடவை. இரண்டு பக்கமும் மஞ்சள் குண்டு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. எட்வேட் நிறுத்தினார். கடவையின் இந்தக் கரையைப் பார்த்தார், அந்தக் கரையைப் பார்த்தார். நடுவைப் பார்க்கப் பார்க்க அது சாம்பலாகியது. பார்வையை விலத்தினார். ஒருவருமில்லைப் போல இருந்தது. திரும்ப நேரே பார்த்தார். பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. பிறகு இன்னொன்று. பஸ்ஸுக்குள் யாரோ மணியை அழுத்தினார்கள். முன் இருக்கையில் இருந்த பெண் எழுந்து வந்து கண்ணாடியில் தட்டி, ஒருவரும் கடக்கவில்லை, போகலாமே என்றாள்.

எட்வேட் அவளுக்குத் தலையாட்டினார். கால் பிரேக்கை விட்டு எழவில்லை. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தபடி, வெறும் கடவையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சாம்பலுக்குள் ஒரு பிள்ளை நின்றாலும் நிற்கும், அது கடந்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.