வெளியாள் கையில் சாவி

“நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?”

கல்லூரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவி அவளைப் பார்த்து இப்படிக் கேட்டாள். அன்றைக்கு வேலைக்கான நீலக் கோட்டு ஈரம் காயாததால் அவள் வெறும் உடுப்போடு மாடிப்படியில் நின்றிருந்தாள். வயது பதினாறு. கேட்டவளுக்கு அதைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம். இவளுக்கோ புது முகத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். “எல்லா டிபார்ட்மெண்டும்” என்று சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஓடிவிட்டாள். கூட வேலை செய்த பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் பெயரே டிபார்ட்மெண்ட்.

அப்புறம் ஏழு வருஷம் ஓடிவிட்டது. இன்றும் கிழக்கு வெளுக்கும் நேரத்தில் பதினொரு பெண்கள் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். முதல் மணி அடிப்பதற்குள் நூற்றுப் பதினெட்டு அறைகளைத் திறந்து, பெருக்கி, துடைத்தாக வேண்டும். பெஞ்சுக்கு அடியில் ஒட்டிய பபிள்கம்மை பிளேடால் சுரண்ட வேண்டும். கரும்பலகையைத் துடைத்தால் சாக்பீஸ் தூள் தொண்டைக்குள் இறங்கும். வேதியியல் கூடத்தில் சிந்திக் கிடக்கும் அமிலம் ரப்பர் செருப்பைத் தின்றுவிட்டுக் காலைத் தொடும். பினாயிலில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெள்ளையாக வெடித்திருந்தன.

அந்த வெடித்த விரல்களுக்கு ஒரு வித்தை தெரியும். அவள் இடுப்பில் தொங்குவது அறிவியல் கட்டடத்துச் சாவிக்கொத்து, நாற்பத்தோரு சாவி. ஒட்டியிருந்த எண்கள் எப்போதோ அழிந்துவிட்டன. எந்தப் பல் தேய்ந்தது, எது வளைந்தது என்று தடவிப் பார்த்தே அறையைச் சொல்லிவிடுவாள். மாடிக் கூடத்துச் சாவியைப் போட்டால் மட்டும் போதாது. கதவைத் தோளால் ஒரு நெம்பு நெம்பித் திருப்ப வேண்டும். மற்ற பத்துப் பேரும் அப்படித்தான். அசல் சாவிகள் தொலையத் தொலைய, அலுவலகத்தில் இருந்த மாற்றுச் சாவிகளும் இவர்கள் கைக்கே வந்து சேர்ந்திருந்தன.

அலுவலக வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்ட பலகை ஒன்று உண்டு. கல்லூரி ஊழியர் வீட்டில் ஒருவருக்குப் படிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. தினமும் ஈரத்துணியால் அதைத் துடைப்பவள் அவள்தான். அம்மா இதே கல்லூரிப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட வருஷம், அவள் பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு அம்மாவின் வாளியைக் கையில் எடுத்தாள். வீட்டில் ஒருவர் என்றால் அது தங்கச்சி என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

தங்கச்சி ஏமாற்றவில்லை. மதிப்பெண் பட்டியலோடு வந்தாள், இதே கல்லூரியில் இயற்பியலுக்கு இடமும் கிடைத்தது. கட்டணமோ அக்காவின் பதினாலு மாதச் சம்பளம். தள்ளுபடி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அக்கா அலுவலக ஜன்னலுக்குப் போனாள்.

“பட்டியல்ல உங்க பேரே இல்லையே” என்றார் குமாஸ்தா.

“ஏழு வருஷமா இருக்கேன் சார். எனக்கு முன்னாடி எங்கம்மா பதினாலு வருஷம்.”

“உங்கம்மா எங்க ஆளு. நீங்க காண்ட்ராக்டர் ஆளு. மூணு வருஷத்துக்கு முன்னாடியே மாத்தியாச்சு. கோட்டு கலர் மாறினது ஞாபகம் இல்ல?”

ஞாபகம் இருந்தது. நீலம் போய்ப் பச்சை வந்தது. ‘சம்பளம் குடுக்கிற கைதான் மாறுது, மத்ததெல்லாம் அப்படியே’ என்று சொல்லித்தான் தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.

காண்ட்ராக்டரிடம் போனாள். அவன் காதில் இருந்த போனைக்கூட எடுக்கவில்லை. “நான் என்னம்மா காலேஜா நடத்துறேன்? நான் நடத்துறது தொடப்பம். உன் தங்கச்சிக்கு ரெண்டு வேணுமா சொல்லு, சும்மாவே தரேன்.”

கட்டணம் கட்ட நாளை நாலு மணிவரைதான் கெடு. வெண்கலம்தான் அவளைப் பதிவாளர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பதினொரு பேரில் மூத்தவள். அவள் கீழே பேசினால் மூன்றாம் மாடியில் கேட்கும். பெயர் வந்தது அதனால்தான்.

“பலகையில போட்டிருக்கீங்களே சார், ஊழியர் வீட்டுப் பிள்ளைன்னு. இவ ஊழியர் இல்லாம வேற என்ன?”

“வெளியாள்” என்றார் பதிவாளர். “நேத்து வந்தவனுக்கும் இன்னிக்கு வந்தவனுக்கும் குடுக்க இது சத்திரம் இல்ல.”

“மார்க்கப் பாருங்க சார். நல்லாப் படிக்கிற பொண்ணு.”

“படிக்கணும்னு வெறி இருக்கிறவங்க எப்படியும் படிச்சிடுவாங்க. முடியலன்னா என்ன இப்போ? காண்ட்ராக்டர்கிட்ட ஒரு இடம் காலியா இருக்குதாம். அக்காவும் தங்கச்சியும் ஒன்னா வரலாம், ஒன்னா போகலாம்.” தன் நகைச்சுவையை அவரே ரசித்துச் சிரித்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராக, “ஆங், நாளைக்கு அட்மிஷன். பெரிய ஹாலும் லேப் எல்லாமும் எட்டு மணிக்கே திறந்திருக்கணும். சாவி உன்கிட்டதானே?” என்றார்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவள் பேசப்போகிறாள் என்று வெண்கலமே எதிர்பார்க்கவில்லை.

“வெளியாள் கையில சாவி இருக்கலாமா சார்?”

“என்ன?”

அவள் வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்தாள். 

படிக்குக் கீழே துடைப்பம் வைக்கிற அறையில் பதினொரு பேரும் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள்.

“வேலை போச்சுன்னா யார் சோறு போடுவா?” என்று ஒருத்தி ஆரம்பித்தாள். “என் பய அஞ்சாவதுதான் படிக்கிறான். எனக்கு எதுக்கு இந்த வம்பு?”

“ஏன்டி, அவன் ஆறாவது போகவே மாட்டானா?”

“அவன் படிக்கிற லட்சணத்துக்குப் போனாத்தான்!”

அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவளே சொன்னாள்: “சரி, போவான்னே வெச்சுக்குவோம். என்ன செய்யணும், சொல்லுங்க.”

“ஒன்னும் செய்ய வேணாம்க்கா” என்றாள் டிபார்ட்மெண்ட். “அவங்க பொருளை அவங்ககிட்டயே குடுத்துடுவோம். அவ்வளவுதான்.”

மறுநாள் காலை எட்டு மணி. வெளிவாசலிலிருந்து பெரிய ஹால் வரை பெற்றோரும் பிள்ளைகளும் வரிசை கட்டி நின்றார்கள். தங்கச்சியும் கையில் விண்ணப்பத்தோடு நடுவில் நின்றாள். ஹாலின் கதவு பூட்டியிருந்தது. கீழே அகலமான படியில் பதினொரு பெண்களும் பச்சைக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதிவாளர் கார் வந்து நின்றதும் எழுந்து, ஒவ்வொருத்தியாக அவர் காலடியில் கொத்தை வைத்தார்கள்.

“உங்க சாவி சார்” என்றாள் வெண்கலம். வரிசையின் கடைசிவரை கேட்டது. “வெளியாளுங்க வெச்சிருக்கக் கூடாதாம். சரிபார்த்து வாங்கிக்குங்க.”

“திமிரா? எடுத்துத் திறங்கடி!”

ஒருத்தியும் அசையவில்லை. அவரே குனிந்து ஒரு கொத்தை எடுத்தார். ஹால் கதவில் ஒரு சாவியைப் போட்டார், திரும்பவில்லை. இன்னொன்று பாதியில் சிக்கிக்கொண்டது. குமாஸ்தா ஓடிவந்து பிடுங்கினார், பிறகு காவலாளி. “எனக்கு வெளிவாசல் மட்டும்தான் சார் தெரியும்” என்று அவன் கையை விரித்தான். பதிவாளரின் சட்டை முதுகோடு ஒட்டியது. வரிசையில் ஒரு பையன், போட்டுப் பார்த்த சாவிகளை எண்ண ஆரம்பித்தான்: “பதினாறு... பதினேழு...”

வரிசையில் சிரிப்பு எழுந்தது, ஆனால் எல்லாரும் சிரிக்கவில்லை. “காலங்காத்தால லீவு போட்டுட்டு வந்திருக்கோம். இதுங்களால எங்க பிள்ளைங்களுக்குக் கஷ்டம்” என்று ஒரு அப்பா கத்தினார். யாரோ எறிந்த தண்ணீர் பாட்டில் வெண்கலத்தின் தோளில் பட்டு உருண்டது. அவள் அதை எடுத்து, மூடியைத் திருகி ஓரமாக வைத்தாள்.

காண்ட்ராக்டர் வந்து குதித்தான். “பதினொன்னும் அவுட்! நாளைக்கே புது ஆள் இறக்குறேன்!”

“இறக்கு” என்றாள் அஞ்சாவது படிக்கிறவனின் அம்மா. “எந்தச் சாவி எந்த ரூமுன்னு நீயே காட்டிக் குடு.”

அப்போதுதான் விடுதிப் பக்கமிருந்து ஏழு பேர் வந்தார்கள். சமையல்கட்டுப் பெண்கள், அவர்களும் அதே காண்ட்ராக்டரின் ஆட்கள்தான். கூப்பிட்டு வந்தவர்கள் அல்ல. அடுப்பை அணைத்த சூடு முகத்தில் இன்னும் இருந்தது. உணவு அறைச் சாவியைக் குவியலின் மேல் போட்டுவிட்டு, நகரச் சொல்லி இடம் கேட்டு உட்கார்ந்தார்கள்.

பதிவாளர் குரலை இறக்கிக்கொண்டு டிபார்ட்மெண்டின் பக்கத்தில் வந்து குனிந்தார். “இங்க பாரு. உன் தங்கச்சி ஃபாரத்துல இப்பவே சீல் வெக்கச் சொல்றேன். உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும். எழுந்து வந்து கதவைத் திற.”

 இதற்காகத்தானே ஏழு வருஷம். பக்கத்தில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். வெண்கலம் முதல்முறையாக மெதுவாகப் பேசினாள்: “போடி. அவ படிக்கட்டும். நாங்க ஒன்னும் நினைச்சுக்க மாட்டோம்.”

“அடுத்த வருஷம் இவங்க வீட்டுப் பிள்ளை வந்து நின்னா சார்?” என்று பதிவாளரைக் கேட்டாள் டிபார்ட்மெண்ட்.

“அதை அடுத்த வருஷம் பாப்போம்.”

“அப்போ எழுதிக் குடுங்க. பதினெட்டு வீட்டுக்கும்.”

“கமிட்டி கூடணும். எழுதிக் குடுக்க நான் யாரு?”

“அது கூடுற வரைக்கும் நாங்க உக்காந்திருக்கோம் சார்.”  இந்த முறை ஒரு வார்த்தையையும் விழுங்காமல் சொன்னாள்.

பதிவாளர் விருட்டென்று நிமிர்ந்தார். வரிசையைப் பார்த்து நடந்தார். குமாஸ்தா கை காட்டிய பெண்ணின் முன்னால் போய் நின்றார். “நீதான் தங்கச்சியா? நீ படிச்ச பொண்ணு. உங்கக்காவுக்கு எடுத்துச் சொல்லு. நாலு மணி அடிச்சா இந்த சீட்டு வேற ஆளுக்குப் போயிடும். அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல.”

முன்னும் பின்னும் நின்றவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். தங்கச்சி அக்காவைப் பார்த்தாள். விண்ணப்பத்தை நாலாக மடித்தாள். பிறகு வரிசையை விட்டு வெளியே வந்து, அக்கா உட்கார்ந்திருந்த படியை நோக்கி நடந்தாள். அவள் விட்ட இடத்தைப் பிடிக்கப் பின்னால் நின்றவர் முன்னே நகரவில்லை.