அஸருக்கு அடக்கம்

என் வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேண்டும் என்று என் மனைவி நபீஸா கலியாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறாள். போன வருடம்தான் அவள் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டேன்.

என் தம்பி மஹ்றூபுக்கு வவுனியா நெளுக்குளத்தில் ஒரு சின்னப் புடவைக்கடை. பெருநாள் சரக்கு எடுக்கவென்று ஒரு கிரெடிட் கார்ட் வாங்கினான். அதைக் கட்ட அதே வங்கியில் இரண்டாவது கார்ட். இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. எல்லாம் சேர்ந்து இருபத்து மூன்று இலட்சம் என்று அவன் மனைவி முனவ்வறா அழுதுகொண்டு வந்து சொன்ன அன்றுதான் எனக்கே தெரியும். மூத்தவன் நான் ஒருவன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கோபத்தோடுதான் போனேன். ஆனால் அவன் இருந்த கோலத்தைக் கண்டதும் திட்ட மனம் வரவில்லை. கட்டிலின் ஓரத்தில், முகம் மழிக்காமல், போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

வங்கிக் கடிதங்களை விரித்து வைத்து, எதை முதலில் கட்டுவது என்று நான் எழுதத் தொடங்கினேன். அரை மணித்தியாலத்துக்குள் தலையணை ஆறு தரம் அதிர்ந்தது. ஏழாவது தரம் பொறுமை போய்விட்டது. போனை இழுத்தெடுத்தேன்.

"மஹ்றூப் இருக்கிறாரா? வங்கியில இருந்து கதைக்கிறம்."

"மஹ்றூப் மௌத்தாப் போயிட்டார்," என்றேன்.

மறுபக்கத்துக் குரல் தணிந்தது. "இன்னாலில்லாஹி... காக்கா, என்ர பேர் றிஃபாத். நானும் வவுனியாதான். எப்ப அடக்கம்?"

"இண்டைக்கு அஸர் தொழுகைக்கு. டவுன் பள்ளியில."

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் வழக்கம் அப்படி விடாதே. பிரேதத்தை வைத்துத் தொழும் ஜனாஸாத் தொழுகைக்கு முன், மௌத்தானவரின் நெருங்கிய ஆள் ஒருவர் எழுந்து, இவருடைய கடனுக்கு நான் பொறுப்பு என்று சபையில் சொல்வார். புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் வாப்பா மௌத்தானபோது நான்தான் எழுந்து நின்று சொன்னேன். மௌத்து என்ற சொல் வாயில் வந்ததும் அதுவும் பின்னாலேயே வந்துவிட்டது.

"அவரோட கொடுக்கல் வாங்கல் ஏதும் இருந்தா என்னட்டச் சொல்லுங்கோ."

"சரி காக்கா. உங்கட பேர்?"

"நிஸார்."

"பதிஞ்சிட்டன்," என்று போனை வைத்தான்.

அதற்குப் பிறகு போன் மூச்சுவிடவில்லை. எனக்கு ஒரே பெருமை. "இனிக் கொஞ்ச நாளைக்கு நிம்மதியாப் படு, மிச்சத்தைப் பிறகு பாப்பம்," என்று சிரித்தேன். மஹ்றூப் சிரிக்கவில்லை.

"காக்கா, அஸருக்கு இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு?" என்று கேட்டான்.

அன்று பின்னேரம் அஸர் பாங்கு சொன்னபோது அவன் கட்டிலில் நேராகப் படுத்து, மௌத்தானவரைக் கிடத்துவதுபோல் முகத்தை மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் திருப்பிக்கொண்டானாம். கண் திறந்தபடியே இருந்ததாம். முனவ்வறா சொன்னபோது நான் பெரிதாக எடுக்கவில்லை. கடன்காரனுக்கு ஆயிரம் யோசனை இருக்கும்.

ஒரு கிழமை கழித்துக் கடைக்குப் போனேன். மஹ்றூப் காசு மேசைக்குப் பின்னால் இருந்தான். ஒரு பெண் வந்து இரண்டு சட்டைத் துணியைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற என்னிடம், "கடையில ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டாள். மஹ்றூப் அவளுக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தான். "அந்தா இருக்கிறாரே," என்றேன். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். பகிடி விடுகிறவனைப் பார்க்கிற மாதிரி என்னையும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கடையைப் பூட்டி அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். முனவ்வறா வெள்ளை உடுத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தாள். எங்களில் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருப்பவள் புருஷனை இழந்தவள்.

"என்ன பிள்ளை இது?"

"கையில வந்ததை உடுத்தன் காக்கா," என்றவள் குனிந்து தன்னைப் பார்த்தாள். அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

மஹ்றூப் அறைக்குள் போய்ப் படுத்திருந்தான். நானும் போனேன். அன்று வீடு கூட்டவில்லை. வாசலிலிருந்து கட்டில் வரை புழுதியில் என் காலடி மட்டும் கிடந்தது.

"நீங்க சொன்ன அஸரில இருந்து கால் நிலத்தில படுகுதில்லை காக்கா," என்றான். குரலில் முறைப்பாடே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. கடனோடு மௌத்தானவரின் உயிர் அது தீரும் வரை தொங்கிக்கொண்டிருக்கும் என்று மதரஸாவில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து கேட்டிருக்கிறோம். அவன் பாதத்தைப் பிடித்துப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது. என் தம்பியை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மஹ்றூபின் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அன்று அழைப்பு வந்த றிஃபாத்தின் இலக்கத்தை அழுத்தினேன்.

"நான் பொய் சொன்னனான், தம்பி. அவன் உசிரோட இருக்கிறான்."

"காக்கா, அண்டைக்கு அஸருக்கு நான் அந்தப் பள்ளிக்கு வந்தனான். உள்ள ஒரு ஜனாஸா வச்சிருந்தது. உங்கட தம்பியெண்டு மனசில நிய்யத்து வச்சுத் தொழுதனான். மூண்டு பிடி மண்ணும் போட்டனான்."

"அது வேற யாரோடயோ ஜனாஸா."

"இருக்கும். நான் போட்டது மஹ்றூபுக்குத்தான்."

"இப்ப நான் என்ன செய்ய?"

"நீங்க சொல்லி மௌத்தானவர். நீங்க சொல்லித் திரும்பி வரமாட்டார். அவரே வந்து சொல்லவேணும்."

அடுத்த நாள் காலையில் மஹ்றூபைக் கையில் பிடித்து வங்கிக்குக் கூட்டிப் போனேன். கை பாரமே இல்லாமல் இருந்தது. எங்கள் முறை வந்ததும் இருவரும் மேசைக்கு முன்னால் இருந்தோம். அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண், கழுத்து அட்டையில் கமலேஸ்வரி என்று பேர். அவ கணினியைப் பார்த்துவிட்டு என் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினா.

"கணக்குக்காரர் இறந்திட்டார் எண்டு இதில கிடக்கு, ஐயா. மரண அத்தாட்சி கொண்டு வந்தா வட்டியை நிப்பாட்டலாம். மிச்சத்தையும் பாத்துச் செய்யலாம்."

அந்த ஒரு கணம் நான் சபலப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபத்து மூன்று இலட்சம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பக்கத்தில் பார்த்தேன். மஹ்றூபின் முகம் வெளுத்து, கதிரையின் முதுகுப் பலகை அவன் தோளுக்குள்ளால் தெரிவதுபோல் இருந்தது. நான் சொல்லி வரமாட்டான் என்று தெரிந்தும், "சொல்லடா, அல்லாவுக்காகக் கேக்கிறன், சொல்லு," என்றேன். அதிகாரி திகைத்து என்னைப் பார்த்தா.

"நான்தான் மஹ்றூப்," என்று ஒரு குரல் வந்தது. "மூண்டு கார்டிலயும் இருக்கிறது என்ர கடன். நான்தான் எடுத்தனான். நான்தான் கட்டுவன்."

அவ திடுக்கிட்டுத் திரும்பினா. "நீங்கள் எப்ப வந்து இருந்தனீங்கள்?"

மூன்றையும் மூடி ஒரே கடனாக்கினார்கள். மாதம் நாற்பத்தையாயிரம், ஆறு வருடம். மஹ்றூப் ஒவ்வொரு தாளிலும் பேனையை அழுத்தி அழுத்திக் கையெழுத்து வைத்தான். கடனிலிருந்து அவனை மீட்கப் போன நான், அது முழுசாக அவன் பேரில் திரும்பி வந்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி, அத்தனை பேருக்கு முன்னாலும் விம்மி விம்மி அழுதேன்.